இதயத் துடிப்பின் இரகசியம் கண்ட சிட்னி ரிங்கர்

மருத்துவமனைக்கு யாரையேனும் பார்க்கச் சென்றிருப்பீர்கள். கட்டிலின் பக்கத்தில் இரும்புக் கம்பியில் தலைகீழாகத் தொங்கும் பாட்டிலையும், அதிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் தெளிந்த நீரையும் கண்டிருப்பீர்கள். குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடுவது நம் வழக்கம். ஆனால் எல்லாப் பாட்டிலிலும் இருப்பது குளுக்கோஸ் அன்று. அருகில் சென்று படித்தால் பலவற்றின்மேல் ரிங்கர் லாக்டேட் என்று அச்சிட்டிருப்பது தெரியும். செவிலியர் அதை ஆர்.எல். என்று சுருக்கிச் சொல்வார்கள். வயிற்றுப்போக்கில் வாடி வதங்கிய குழந்தைக்கும், டெங்குக் காய்ச்சலில் துவண்ட இளைஞனுக்கும், அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் தாய்க்கும் அதே நீர்தான் நரம்பு வழியே செல்கிறது. ரிங்கர் என்பது ஏதோ ஒரு மருந்தின் பெயர் என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். அது ஒரு மனிதரின் பெயர். நம் இதயம் ஏன் துடிக்கிறது, சில வேளைகளில் ஏன் தாளம் தப்புகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடிப் போனால், வழியில் அவரைச் சந்திக்காமல் போக முடியாது.

சிட்னி ரிங்கர் 1835-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலுள்ள நார்விச் நகரில் ஒரு வணிகக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். அவருடைய குடும்பத்தார் ஆங்கிலத் திருச்சபையைச் சேராத தனிச்சபைக் கிறிஸ்தவர்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்னும் பழம்பெரும் பல்கலைக்கழகங்கள் இரண்டிலும், நாட்டின் அரசாங்கத் திருச்சபையை ஏற்காதவர்கள் பட்டம் பெற முடியாதபடி நெடுங்காலம் கதவு அடைபட்டிருந்தது. கத்தோலிக்கருக்கும் அங்கே அதே கதிதான். சமயம் கேளாமல் மாணவரைச் சேர்த்துக்கொள்வதற்கென்றே இலண்டனில் 1826-இல் தோன்றிய கல்வி நிலையம் யூனிவர்சிட்டி கல்லூரி. ரிங்கர் 1854-இல் அங்கே சேர்ந்தார். 1860-இல் மருத்துவப் பட்டமும் 1863-இல் எம்.டி. பட்டமும் பெற்றார். அதன்பின் 1900-இல் ஓய்வு பெறும்வரை அந்தக் கல்லூரியையும் அதன் மருத்துவமனையையும் விட்டு அவர் பிரியவே இல்லை.

அவருடைய தம்பி ஃபிரெடரிக் நேர் எதிர். கடல் கடந்து ஜப்பானின் நாகசாகித் துறைமுகத்தில் குடியேறிப் பெரும் வணிகரானார். இன்றும் அந்த நாட்டில் ரிங்கர் ஹட் என்ற பெயரில் நூடுல்ஸ் கடைகள் உள்ளன. அண்ணன் பெயர் மருத்துவமனையிலும் தம்பி பெயர் உணவு விடுதியிலும் நிலைத்துவிட்டது!

மருத்துவராகவே ரிங்கர் பேரும் புகழும் பெற்றவர். நோயாளியின் படுக்கையருகே நின்று மாணவருக்குக் கற்பிப்பதில் வல்லவர். காய்ச்சலைக் கையால் தொட்டுப் பார்த்து மதிப்பிட்ட காலத்தில், வெப்பமானி வைத்து அளந்து, காசநோயைக் கண்டறிய அது எவ்வாறு உதவும் என்று 1865-இல் நூல் எழுதினார். குழந்தைகளுக்கென்றே இலண்டனில் ஏற்பட்ட கிரேட் ஆர்மண்ட் தெரு மருத்துவமனையிலும் சில ஆண்டுகள் பணியாற்றினார். 1869-இல் அவர் எழுதிய மருந்தியல் கையேடு 1897-க்குள் 13 பதிப்புகள் கண்டது. இவ்வளவு போதும் என்று ஒருவர் நிறைவு கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இவ்வளவோடு நின்றிருந்தால் இன்று அவரை யாரும் நினைத்திருக்கவும் மாட்டார்கள்.

அவர் மணந்துகொண்டது வடக்கே யார்க்ஷயரைச் சேர்ந்த ஒரு பெண்மணியை. இருவருக்கும் பிறந்த பெண் குழந்தைகளில் ஆன்னி என்னும் சிறுமி இளமையிலேயே இறந்துபோனாள். நூற்றுக்கணக்கான பிறர் குழந்தைகளைக் காத்த கைகளால் தம் குழந்தையைக் காக்க முடியவில்லை. அந்தச் சிறுமியின் நினைவாகத் தந்தையும் தாயும் செய்த காரியம் நம் கவனத்துக்குரியது. யார்க்ஷயர் மேட்டு நிலங்களின் ஓரத்தில் லாஸ்டிங்ஹாம் என்றொரு சிற்றூர் உண்டு. 7-ஆம் நூற்றாண்டில் ஆயரான புனித செட் அவ்விடத்தில் தவக்காலத்தில் நோன்பிருந்து, நிலத்தைச் செபத்தால் தூய்மைப்படுத்திய பிறகே அங்கே மடம் நிறுவினார் என்று புனித பீட் தம் வரலாற்று நூலில் குறித்துள்ளார். 664-இல் கொள்ளைநோய் பரவியபோது செட் அங்கேயே உயிர் நீத்தார். அவருடைய உடன்பிறந்தாரான புனித சாட் அடுத்து அந்த மடத்தின் தலைவரானார். பின்னர் 11-ஆம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர் அங்கே எழுப்பிய கோவிலும் அதன் அடியிலுள்ள நிலவறையும் இன்றும் நிற்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் அக்கோவில் பழுதடைந்திருந்தது. அதை 1879-இல் தம் மகளின் நினைவாகத் தம் செலவில் சீர்படுத்திக் கொடுத்தவர் ரிங்கர்.

அடுத்து வந்த ஆண்டுகளில்தான் அவர் இதயத்தை ஆராயத் தொடங்கினார். ஆய்வுக்கென்று அவருக்குத் தனி நேரம் கிடையாது. வார்டில் நோயாளிகளைப் பார்க்கும் வேலைக்கும் வகுப்புக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளியில் கல்லூரியின் உடலியல் ஆய்வுக்கூடத்துக்கு விரைவார். சிறிது நேரம் பார்ப்பார். குறித்துக்கொள்வார். மறுபடியும் நோயாளிகளிடம் ஓடுவார்.

தவளையின் இதயத்தை உடலிலிருந்து எடுத்த பிறகும் அது சில காலம் தானே துடிக்கும். உயிரியல் வகுப்பில் இதைக் கேட்டிருப்பீர்கள். இரத்தம் கிடைத்தால் இன்னும் நெடுநேரம் துடிக்கும். அப்படியானால் இரத்தத்தில் உள்ள எந்தப் பொருள் இதயத்தைத் துடிக்க வைக்கிறது? ரிங்கரின் கேள்வி இதுதான். தவளை இதயத்தின் கீழறையை ஒரு குழாய் முனையில் கட்டி, இரத்தத்துக்குப் பதிலாக உப்பு நீரை அதனுள் செலுத்தினார். இதயம் சுருங்கி விரியும்போது ஒரு நெம்புகோல் அசைந்து, புகை படிந்த உருளையின்மேல் மேடு பள்ளமாகக் கோடு போடும். முக்கால் சதவீத அளவில் சோடியம் குளோரைடு கரைத்த வெறும் உப்பு நீரிலேயே இதயம் நன்றாகத் துடித்தது. ஒவ்வொரு துடிப்பும் கொஞ்சம் நீண்டு அகன்றது என்பது மட்டுமே குறை. சிறிது பொட்டாசியம் உப்பைச் சேர்த்ததும் அந்தக் குறையும் தீர்ந்தது. சோடியமும் பொட்டாசியமும் போதும், சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்துக்கு இங்கே வேலையில்லை என்றே இதற்குப் பொருள் கொள்ள வேண்டும். 1882-இல் உடலியல் ஆய்வு இதழில் தம் முடிவை வெளியிட்டார்.

பிறகு ஏதோ இடறியது. அதே சோதனையைச் செய்தபோது அதே விடை வரவில்லை. வெறும் உப்பு நீரில் இதயம் தளர்ந்தது. துடிப்பு சிறுத்துச் சிறுத்துச் சிறிது நேரத்தில் நின்றேவிட்டது. தவளையில் வேறுபாடில்லை. கருவியில் பழுதில்லை. உப்பின் அளவும் சரியே. ரிங்கர் தேடித் தேடிக் கண்ட காரணம் தண்ணீர்! அவர் கேட்டிருந்தது காய்ச்சி வடித்த நீர். முந்தைய சோதனைகளில் பயன்பட்டது குழாயில் பிடித்த நீர்.

இது எப்படி நடந்தது என்பதற்குப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சர் ஹென்றி டேல் ஒரு கதை சொல்லிவைத்திருக்கிறார். ஆய்வுக்கூடத்தில் ஃபீல்டர் என்றொரு உதவியாளர் இருந்தாராம். நீரைக் காய்ச்சி வடிப்பது நாள் முழுதும் பிடிக்கும் வேலை. குழாயைத் திறந்தால் கண்ணாடி போன்ற தண்ணீர் வருகிறது. டாக்டருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியவா போகிறது என்று அவர் குழாய் நீரையே ஊற்றி வைத்துவிட்டாராம். ஃபீல்டரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. வேதியியல் செய்முறை வகுப்பில் வடிநீர்க் குப்பி காலியானதும் நம் மாணவியர் கண் எந்தப் பக்கம் போகிறது என்பதை நான் அறிவேன்.

அந்தக் குழாய் நீர் எங்கிருந்து வந்தது தெரியுமா? இலண்டனுக்கு வடக்கே ஹெர்ட்ஃபோர்டுஷயரில் சுண்ணப் பாறை நிலத்தில் சுரக்கும் ஊற்றுகளிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டி, 1613-இல் நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். புதிய ஆறு என்று அதற்குப் பெயர். அது ஆறுமன்று, ரிங்கரின் காலத்தில் புதியதுமன்று. அந்த ஊற்றுகளில் ஒன்று சாட்வெல் எனப்படும். மேலே சொன்ன புனித சாட் பெயரால் அமைந்த ஊற்று என்பார்கள் சிலர். குளிர்ந்த ஊற்று என்ற பழஞ்சொல்லே அப்படித் திரிந்தது என்பார்கள் வேறு சிலர். எப்படியாயினும் சுண்ணப் பாறையில் ஊறி வந்த நீர் அது. பத்து இலட்சம் பங்கு நீரில் சுமார் 38 பங்கு கால்சியம் கரைந்திருந்தது. கையளவுகூட இல்லாத அந்தக் கால்சியமே தவளையின் இதயத்தைத் துடிக்கச் செய்துகொண்டிருந்தது.

இப்போது ரிங்கர் என்ன செய்திருக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். வயது 50-ஐ நெருங்குகிறது. பேராசிரியர். நூலாசிரியர். முந்தைய கட்டுரை அச்சேறிவிட்டது. புதிய முடிவை மட்டும் எழுதிவிட்டுப் பழையதைப் பற்றி மூச்சுவிடாமல் இருந்திருக்கலாம். அல்லது உதவியாளர்மேல் பழியைப் போட்டிருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. 1883-இல் அதே இதழில் எழுதிய அடுத்த கட்டுரையின் தொடக்கத்திலேயே, தாம் பயன்படுத்தியது வடிநீர் அன்று, இன்ன நிறுவனம் வழங்கிய குழாய் நீர் என்றும், ஆகையால் முன்பு சொன்ன விளைவுகள் தூய நீரில் கிடைக்கவில்லை என்றும் தெளிவாக ஒப்புக்கொண்டார். யார் செய்த பிழை என்ற பேச்சையே எடுக்கவில்லை. அந்தக் குழாய் நீரில் எந்தெந்த உப்பு எவ்வளவு உள்ளது என்று பகுத்தாய்ந்த விவரத்தையும் சேர்த்து வெளியிட்டார்.

பிழையை ஒத்துக்கொண்டதோடு அவர் வேலை முடியவில்லை, அங்கேதான் தொடங்கியது. தூய நீரில் உப்பைக் கரைத்து இதயத்தை நிற்க வைத்தார். பிறகு கால்சியத்தை இம்மியளவு சேர்த்தார். நின்ற இதயம் மீண்டும் துடித்தது. பொட்டாசியம் இன்றிக் கால்சியம் மட்டும் இருந்தால், இறுகிய இதயம் மறுபடி விரிய முடியாமல் திணறியது. பொட்டாசியம் மிகுந்தால் தளர்ந்த நிலையிலேயே நின்றது. சோடியம், பொட்டாசியம், கால்சியம் மூன்றும் தத்தம் அளவில் சேர்ந்தபோது, ஒரு துளி இரத்தமும் இல்லாமல் இதயம் மணிக்கணக்கில் துடித்தது. ரிங்கர் நீர் இப்படித்தான் பிறந்தது. மீன்களைக்கூட அவர் விடவில்லை. வடிநீரில் விட்ட மீன்கள் விரைவில் இறந்தன. குழாய் நீரில் விட்டவை பிழைத்திருந்தன. அங்கும் கால்சியமே வேறுபாட்டுக்கு முக்கிய காரணம் என்று காட்டினார். 1885-இல் இராயல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

மருத்துவமனைகளில் இன்று காணும் பாட்டில், அந்த நீரில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் 1930-களில் லாக்டேட் உப்பைச் சேர்த்ததால் வந்தது. ஆனால் கால்சியம் ஏன் தேவை என்ற கேள்விக்கு விடை கிடைக்க மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. தசை இழைகளில் கால்சியத்தைப் பற்றிக்கொண்டு சுருக்கத்தைத் தொடங்கிவைக்கும் ட்ரோபோனின் என்னும் புரதத்தை 1960-களில் கண்டுபிடித்தவர் செட்சுரோ எபாஷி. ரிங்கரின் தம்பி குடியேறிய அதே ஜப்பான் நாட்டவர்!

இனி நம் இதயத்துக்கு வருவோம். ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை அது துடிக்கிறது. இதயத் தசையின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் கால்சியத்தைத் தேக்கி வைக்கும் சிறு அறைகள் உண்டு. அவற்றை ஏரி என்று வைத்துக்கொள்வோம். அந்த ஏரிக்கு மதகுகள் உண்டு. மின் அலை வந்து தட்டியதும் வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் உயிரணுவுக்குள் நுழையும். அந்தக் கொஞ்சம் போய் மதகைத் திறக்கும். ஏரிக் கால்சியம் பாய்ந்து வந்து தசையைச் சுருக்கும். உடனே மதகு மூடிக்கொள்ள வேண்டும். பாய்ந்த கால்சியத்தில் பெரும்பங்கை ஒரு வகை எக்கி மீண்டும் ஏரிக்கு ஏற்றிவிடும். எஞ்சியது உயிரணுவை விட்டு வெளியேறும். இதயம் ஓய்ந்திருக்கும் அந்த நொடிப்பொழுதில் உயிரணுவுக்குள் கரைந்துள்ள கால்சியம், வெளியே உள்ளதில் பதினாயிரத்தில் ஒரு பங்குதான். இந்தக் கட்டுப்பாடு குலையாதவரை தாளம் தப்பாது.

மதகு கசிந்தால்? வயலில் முறைத் தண்ணீர் விடும் ஊர்களில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முறை இல்லாத நேரத்தில் கசிந்த நீர் வேண்டாத வயலில் போய் நிற்கும். இதயத்தில் கசிந்த கால்சியத்தை உயிரணு உடனே வெளியே தள்ளப் பார்க்கும். அதில்தான் ஆபத்து. ஒரு கால்சியத்தை வெளியே அனுப்பினால் மூன்று சோடியம் உள்ளே வரவேண்டும் என்பது அந்த வாயிலின் கணக்கு. கால்சியத்தின் நேர்மின்னூட்டம் இரண்டு. மூன்று சோடியத்தின் மின்னூட்டம் மூன்று. இரண்டு போய் மூன்று வந்தால் ஒன்று மிச்சம். இப்படிச் சேரும் மிச்ச மின்னூட்டம் போதிய அளவு ஆனதும், வரவேண்டிய மின் அலை வருவதற்கு முன்பே ஒரு கள்ளத் துடிப்பு எழுந்துவிடுகிறது. எப்போதோ ஒன்று எழுந்தால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. அவையே தொடர்ந்து எழுந்து பரவினால் தாளமே குலைந்துபோகும்.

மதகு ஏன் கசிகிறது? இரும்புக் கதவைத் துரு தின்பதைப் போல, இதயத்தின் மதகுகளையும் ஆக்சிஜனே கெடுக்கிறது. உண்ட உணவை ஆக்சிஜன் கொண்டு எரித்து ஆற்றலாக்கும் மைட்டோகாண்ட்ரியா இதயத்தில் மிகுதி. அந்த வேலையில் சிறிதளவு ஆக்சிஜன் அரைகுறையாக மாறி, கண்டதையும் தாக்கும் சூப்பராக்சைடாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் நழுவிவிடும். அவற்றை அடக்கும் காவலர்களும் உயிரணுவிலேயே உண்டு. மாரடைப்பு, இதயத் தளர்ச்சி, நீரிழிவு, இரத்தக்கொதிப்பு, புகைப்பழக்கம் முதலியவை வந்தால் காவலர் தோற்று, தாக்குவோர் கை ஓங்கிவிடும். இந்த நிலைக்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர். அப்போது மதகுப் புரதத்தில் கந்தகம் உள்ள இடங்கள் தாக்குண்டு மதகு சரியாக மூடாது. கால்சியம் வந்தால் மட்டும் விழித்து வேலை செய்யவேண்டிய ஒரு நொதியும் உண்டு. அது ஆக்சிஜனேற்றம் அடைந்தால், கால்சியம் போன பிறகும் உறங்காமல் மதகைத் திறக்கத் தூண்டிக்கொண்டே இருக்கும் என்று 2008-இல் கண்டறிந்தார்கள். கசிந்த கால்சியம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புகுந்தால், அங்கே மேலும் கேடு செய்யும் ஆக்சிஜன் பிறக்கும். அது மதகை மேலும் கெடுக்கும். இப்படி ஒன்றை ஒன்று வளர்த்துக்கொண்டே போகின்றன. முதியோரிடம் மிகுதியாகக் காணும் ஏட்ரியல் நடுக்கம் என்னும் நோயில், மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குவதற்கு இந்தச் சுழல் ஒரு முக்கிய காரணம் என்று கருதுகிறார்கள். நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கி உறைந்து, அந்த உறைகட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். தாத்தா பாட்டிக்கு நாடி ஒழுங்கின்றித் துடித்தால் மருத்துவரிடம் காட்டத் தயங்கவேண்டாம்.

ஆக்சிஜன்தான் குற்றவாளி என்றால் அதை அடக்கும் மாத்திரையை விழுங்கினால் தீர்ந்ததே என்று தோன்றும். விளம்பரங்களும் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் வைட்டமின் ஈ மாத்திரையை ஆயிரக்கணக்கானோருக்கு ஆண்டுக்கணக்கில் கொடுத்துப் பார்த்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட பேராய்வில், அது மாரடைப்பையோ பக்கவாதத்தையோ குறைக்கவில்லை. கீரையும் பழமும் தின்பது நல்லதுதான். டப்பாவில் அடைத்த மாத்திரைக்கு வீணாகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

பெற்றோருக்கும் மாணவியருக்கும் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. இந்த மதகுக் கோளாறு பிறவியிலேயே வருவதும் உண்டு. அரிதான நோய்தான். மதகுப் புரதத்தின் மரபணுவிலேயே உள்ள பிழைதான் இதற்குக் காரணம் என்று 2001-இல் கண்டறிந்தார்கள். இத்தகைய குழந்தை பார்வைக்கு நல்ல ஆரோக்கியமாக இருக்கும். படுக்க வைத்து ஈ.சி.ஜி. எடுத்தால் அதிலும் குறை தெரியாது. ஓடும்போதோ, நீந்தும்போதோ, திடீரென்று அஞ்சும்போதோ அட்ரினலின் பெருகி, மதகு கசிந்து, தாளம் தப்பி, குழந்தை மயங்கி விழும். கை கால் வெட்டி இழுக்கவும் கூடும். பார்ப்பவர் வலிப்பு என்று முடிவுகட்டிக் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். ஆண்டுக்கணக்கில் வலிப்பு மருந்தே உண்டு, உண்மை தெரியுமுன் உயிரிழந்த பிள்ளைகளும் உண்டு.

காலை வழிபாட்டில் வெயிலில் நெடுநேரம் நின்று, கண் இருண்டு சரிந்து விழும் மாணவியரை எல்லாப் பள்ளியிலும் பார்க்கிறோம். வெறும் வயிற்றோடு வந்ததும் வெயிலும்தான் பெரும்பாலும் காரணம். படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்தினால் தெளிந்துவிடுவார்கள். ஆனால் ஓட்டப் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் விழுந்தால், அல்லது குடும்பத்தில் இளவயதில் யாரேனும் திடீரென்று இறந்திருந்தால், அதை உண்ணா நோன்பின் தலையிலோ கண்ணேறின் தலையிலோ போட்டுவிடக் கூடாது. இதய மருத்துவரிடம் காட்டி, நடக்கவும் ஓடவும் வைத்து ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். பீட்டா தடுப்பான் என்னும் எளிய மாத்திரையாலேயே பல பிள்ளைகள் காக்கப்படுகிறார்கள். உடன்பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டும். ஏனென்றால் இது பெற்றோர் வழி வரக்கூடியது. விழுந்தவர் மூச்சின்றிக் கிடந்தால் 108-க்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். நம் சாரணியர் இதைக் கற்றிருக்கிறார்கள், மற்றவரும் கற்கலாம்.

இவை எதுவும் ரிங்கருக்குத் தெரியாது. மதகையும் எக்கியையும் அவர் கண்டதில்லை. அவர் கையில் இருந்தது ஒரு தவளை இதயமும், மூன்று உப்பும், புகை படிந்த ஓர் உருளையும். ஆனால் கால்சியம் சற்றுக் குறைந்தாலும் மிகுந்தாலும் இதயம் தன் வழியை இழக்கும் என்று அந்த உருளையின் கோடுகளில் முதன்முதல் படித்தறிந்தவர் அவர்தாம்.

1900-இல் ஓய்வு பெற்று லாஸ்டிங்ஹாமுக்கே சென்று வாழ்ந்தார். 1910-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் பக்கவாத நோயால் காலமானார். ஆன்னியின் நினைவாகப் புதுப்பித்த அந்தக் கோவிலின் கல்லறைத் தோட்டத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். கோவிலின் நடுவில் படியிறங்கிச் சென்றால் பழைய நிலவறையை இன்றும் பார்க்கலாம். வெளியே, அதே சிற்றூரில், புனித செட் பெயரால் ஒன்றும் புனித சாட் பெயரால் ஒன்றுமாக இரண்டு ஊற்றுக் கிணறுகள் உள்ளன.